இலையுதிர்கால வாசல் அலங்காரம்: என்ன கெட்டது, ஏன் கெட்டது, என்ன செய்வது

பரங்கிக்காய், காய்ந்த இலை, பைன் காய், வைக்கோல், செவ்வந்தித் தொட்டி என்று இயற்கைப் பொருட்களை வைத்து வீட்டையும் முன்வாசலையும் அலங்கரிப்பவர்களுக்கு வருகிற தொல்லைகள் வருடா வருடம் ஒரே மாதிரிதான். தெரிந்தவர்கள் வீடுகளில் இவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. உங்கள் வீட்டில் தெரிகிற அறிகுறிக்கு நேரே போங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், செலவு பிடிப்பதைக் கடைசியில்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஈரம் எங்கே இருக்கிறது? பொருளுக்குள்ளேயா, அதன் அடியிலா, காற்றிலா, இல்லை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனதா? பாதிக்கு மேற்பட்ட கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

## பரங்கிக்காயின் அடி மெத்தென்று ஆகிவிட்டது

காயைத் தூக்காதீர்கள். தரையை ஒட்டிய விளிம்பில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

கொஞ்சம் அமுங்குகிறது, தோல் கிழியவில்லை. தரைதான் காரணம். சிமென்ட்டிலோ கல்லிலோ நேரடியாக வைத்த காய்க்கு அடியில் ஈரம் கோத்துக்கொண்டு காயவே காயாது. துடைத்து, பக்கவாட்டில் சாய்த்து ஒரு நாள் காற்றாட விடுங்கள். பிறகு ஒரு பலகைத் துண்டின் மேலோ மடித்த அட்டையின் மேலோ வையுங்கள். அட்டை நனைந்தால் மாற்ற வேண்டும். பலகைக்கு அந்த வேலை இல்லை.

விரல் உள்ளே இறங்குகிறது, அல்லது பழுப்பு நீர் கசிகிறது. இதைக் காப்பாற்ற முடியாது. இன்றே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் தொட்டுக்கொண்டிருக்கிற அடுத்த காய்க்கும் அழுகல் பரவும். மண்வெட்டியையோ தட்டையான முறத்தையோ அடியில் செருகித் தூக்குங்கள். கையால் தூக்கினால் அடி அங்கேயே தங்கிவிடும். பக்கத்துக் காய்களை, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச் கலந்த நீரில் துடைத்து, நன்றாகக் காயவைத்துத் திரும்ப அடுக்குங்கள். ப்ளீச்சோடு வினிகரையோ அமோனியா உள்ள துப்புரவுத் திரவத்தையோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

அழுகல் காம்பைச் சுற்றித் தொடங்கியிருக்கிறது. யாரோ காம்பைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். காம்பு பார்ப்பதற்குக் கைப்பிடி மாதிரி இருந்தாலும் காயின் எடையைத் தாங்காது. லேசாக விரிசல் விட்டால் போதும், அந்த வழியாகப் பூஞ்சை உள்ளே போய்விடும். அடுத்த முறை 8 முதல் 10 செ.மீ. காம்போடு, நகம் பதியாத கெட்டித் தோல் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று காலை காய் முழுவதும் நீர்கோத்துத் துவண்டிருக்கிறது. உறைபனி அடித்திருக்கிறது. உள்ளே இருந்த நீர் உறைந்து, சதையின் கட்டைக் குலைத்துவிட்டது. இதற்கு மருந்தில்லை. மிச்சக் காய்களை இரவில் உள்ளே எடுத்து வையுங்கள், அல்லது பழைய போர்வையால் மூடுங்கள். 10 முதல் 13 டிகிரி செல்சியஸில், ஈரமில்லாத இடத்தில், செதுக்காத முழுக் காய் இரண்டு மூன்று மாதம் நிற்கும். பக்கத்தில் ஆப்பிள் கூடை மட்டும் வேண்டாம். ஆப்பிள் விடுகிற எத்திலீன் வாயு காயைச் சீக்கிரம் கெடுக்கும்.

செதுக்கிய காய் சுருங்கி உள்ளே மடிகிறது. செதுக்கியது சில நாள்தான் தாங்கும், அதைக் குறை என்று நினைக்காதீர்கள். சுருங்கியிருந்தால் ஒரு இரவு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்தால் ஓரளவு நிமிரும். துடைத்து, வெட்டிய ஓரங்களில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். உள்ளே கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தால் அந்தச் சதையைச் சுரண்டி எடுத்து, மேலே சொன்ன ப்ளீச் நீரால் துடைக்கலாம். அதற்கு மேல் போராட வேண்டாம். உள்ளே வெளிச்சம் வேண்டும் என்ற ஆசை இல்லையென்றால் செதுக்காமலே வைப்பதுதான் என் விருப்பம். செதுக்கத்தான் வேண்டுமென்றால், தேவைப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் கத்தியை எடுத்தால் போதும்.

## அலங்காரச் சுரைக்காயில் சாம்பல் பூத்திருக்கிறது

பலர் பதறிப்போய்த் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். வேண்டாம். சுரைக்காய் காயும்போது தோலில் பூஞ்சணம் பூப்பது வழக்கம். அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து, ஈரத்துணியால் துடைத்து, ஒன்றையொன்று தொடாமல் காற்றோட்டமான இடத்தில் பரப்பி, அவ்வப்போது திருப்பிவிடுங்கள். மெத்தென்று இருந்தால் குப்பைக்கு. முழுதாகக் காய மாதக்கணக்கில் ஆகலாம். குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும், அதுதான் அடையாளம். அலங்காரத்துக்கென்று விளைந்த சுரைக்காயைச் சமைக்க எடுக்காதீர்கள். கடும் கசப்பு இருந்தால் அது உடம்புக்குக் கேடு.

## இலைகள் சுருண்டு நொறுங்குகின்றன

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான், அதிகமாகத் தவறாகச் செய்யப்படுவதும் இதுதான்.

பறித்த ஓரிரு நாளிலேயே சுருள்கிறது. தட்டையாக வைக்காமல் விட்டதால் வருவது. இலையின் இரு பக்கமும் ஒரே வேகத்தில் காய்வதில்லை, அதனால் வளைகிறது. இன்னும் வளையும் பதத்தில் இருந்தால், உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகங்களால் அழுத்துங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தாளை மாற்றுங்கள். தாள் மாற்றாமல் விட்டால் இலை பழுப்பாகிப் பூஞ்சை பிடிக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தயார். ஏற்கெனவே மொறமொறவென்று ஆன இலையை நிமிர்த்த முயன்றால் உடையும். அதை விட்டுவிட்டுப் புதிதாகப் பறிப்பதே மேல்.

தட்டையாக இருக்கிறது, ஆனால் தொட்டால் பொடிகிறது. அழுத்தி உலர்த்திய இலையின் இயல்பு அது. கைபடுகிற இடத்தில், காற்றடிக்கிற திண்ணையில் வைக்க வேண்டுமென்றால் கிளிசரின் முறைக்கு மாறுங்கள். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர். அகலமான தட்டில் ஊற்றி, புதிய இலைகளைப் பரப்பி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி, மூன்று முதல் ஐந்து நாள் விடுங்கள். எடுத்துத் துடைத்தால் இலை தோல் மாதிரி துவளும், நிறம் ஒரு படி அடர்ந்திருக்கும்.

கிளையாகக் கிளிசரினில் நிறுத்தியும் இலை உதிர்கிறது. தாமதமாகப் பறித்திருக்கிறீர்கள். நிறம் முழுதாக மாறிவிட்ட இலைக்கும் கிளைக்கும் நடுவே மரம் ஏற்கெனவே ஒரு தடுப்பைப் போட்டுவிட்டது. தண்டு வழியாகக் கிளிசரின் ஏறாது. கிளையாக வேண்டுமென்றால் நிறம் மாறத் தொடங்கும் முன்பே வெட்டி, அடிக்கட்டையைச் சுத்தியலால் நசுக்கி, வெதுவெதுப்பான கலவையில் நிறுத்துங்கள். இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். நிறம் மாறிய பிறகு கண்ணில் பட்டதென்றால் இலை இலையாகத் தட்டில் ஊறவைப்பது ஒன்றே வழி.

கிளிசரின் இலை வியர்க்கிறது. இலை மேல் எண்ணெய்ப் பசையான சிறு சிறு துளிகள் நிற்கும், தொட்டால் விரல் பிசுபிசுக்கும். அளவுக்கு மீறிக் குடித்துவிட்டது, காற்றிலும் ஈரம் அதிகம். துணியால் ஒற்றி எடுங்கள். வெள்ளைச் சுவரிலும் துணி விரிப்பிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை போகாது.

நிறம் மங்குகிறது. வெயில் நேராகப் படுகிறதா என்று பாருங்கள். சிவப்புதான் முதலில் போகும். இடத்தை மாற்றுவதைத் தவிர வேறு தீர்வு இல்லை. வார்னிஷ் தெளித்தால் பளபளப்பு வரும், போன நிறம் வராது.

மெழுகில் தோய்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அதை இறக்கி உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும், அதற்கு மேல் சூடு தேவையில்லை. மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடுங்கள். தீ அடங்கவில்லையென்றால் வெளியே வந்து தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

## கதவில் மாட்டிய அலங்கார வளையத்திலிருந்து பொருட்கள் விழுகின்றன

விழுந்த பொருளின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

பசை வில்லையாக அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், வளையத்துப் பக்கம் தூசியாகவோ ஈரமாகவோ இருந்திருக்கிறது. துடைத்து, காயவிட்டு மறுபடி ஒட்டுங்கள். பசை நடுவில் உடைந்திருந்தால் குளிர். க்ளூ கன்னில் உருக்கி ஒட்டுகிற பசை கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது. பசை இழுபட்டு நீண்டிருந்தால் வெயில். கதவுக்கு முன்னால் கண்ணாடிக் கதவு இன்னொன்று இருந்தால் இடையில் சேர்கிற வெப்பத்தில் பசை இளகிவிடும். வெளிக்கதவு வளையத்தில் எடையுள்ள எதையும் பசையை நம்பி விடாதீர்கள். பைன் காயின் கீழ்ச் செதில்களுக்கு நடுவே மெல்லிய கம்பியைச் சுற்றி, முறுக்கி, கொடி வளையத்தோடு கட்டுங்கள். பார்வைக்குத் தெரியாது, காற்றுக்கும் அசையாது.

புல் கதிர்களும் காய்ந்த பூக்களும் பஞ்சு பஞ்சாகக் கொட்டினால், வெளியே எடுத்துப்போய் நன்றாக உதறிவிட்டு ஹேர் ஸ்ப்ரே தெளித்துக் காயவிடுங்கள். அது எளிதில் தீப்பற்றும் பொருள், தெளிக்கும்போது பக்கத்தில் நெருப்பு ஆகாது. அதற்குப் பிறகும் கொட்டினால் கதிர் முற்றிய பிறகு வெட்டியிருக்கிறார்கள். மாற்றுங்கள்.

## பைன் காய் மூடிக்கொண்டது

கெட்டுப்போகவில்லை. பைன் காயின் செதில் ஈரத்தில் மூடும், உலர்ந்தால் விரியும். மழை நாளில் திண்ணையில் மூடிக்கொள்வதும் வெயில் வந்தால் திறப்பதும் அதன் வேலை. விரிந்தே இருக்க வேண்டுமென்றால் வீட்டுக்குள் வையுங்கள். புதிதாகப் பொறுக்கியவற்றை, தட்டில் தாள் விரித்து, ஓவனில் 95 டிகிரி செல்சியஸ் அளவில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் சூடாக்கினால் விரிந்துவிடும், ஒளிந்திருக்கிற பூச்சியும் சாகும், பிசினும் உருகிப் பளபளப்பாகப் படியும். அந்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே இருங்கள். பிசின் தீப்பிடிக்கும்.

## ஓக் கொட்டைக் கிண்ணத்தில் வெள்ளைப் புழு

கிண்ணத்தின் அடியில் பருத்த, கால் இல்லாத சிறு புழு நெளியும். ஒரு கொட்டையில் குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய, கச்சிதமான வட்ட ஓட்டை இருக்கும். கூன்வண்டின் புழு அது. தாய் வண்டு கொட்டை மரத்தில் இருக்கும்போதே முட்டை வைத்துவிட்டது. கொட்டை விழுந்த பிறகு புழு துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வீட்டிலுள்ள தானியத்துக்கோ மரச்சாமானுக்கோ இதனால் ஆபத்தில்லை, எனவே மருந்து அடிக்க யாரையும் கூப்பிட வேண்டாம்.

செய்ய வேண்டியது: எல்லாக் கொட்டைகளையும் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவற்றைக் கழித்துவிடுங்கள். மூழ்கியவற்றைத் துடைத்து, ஓவனில் 80 முதல் 90 டிகிரியில் இரண்டு மணி நேரம், இடையிடையே கிளறி உலர்த்துங்கள். தொப்பி கழன்றுவிட்டால் ஒரு சொட்டுப் பசை போதும். இந்த இரண்டு படியையும் பொறுக்கி வந்த அன்றே செய்துவிட்டால் புழுவும் வராது, பூஞ்சையும் வராது.

## செவ்வந்தித் தொட்டி வாடிவிட்டது

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். எடையே இல்லாமல் இருந்தால் தாகம். "தினமும் தண்ணீர் ஊற்றுகிறேனே" என்பார்கள். ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் போகவில்லை. வேர் பின்னி இறுகி, மண் காய்ந்து, தண்ணீர் தொட்டியின் ஓரமாக வழிந்து கீழே போய்விடுகிறது. வாளித் தண்ணீரில் தொட்டியை அரை மணி நேரம் உட்காரவைத்து, வடியவிட்டு எடுங்கள். சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும்.

எடையாக இருந்தும் வாடினால் வேர் அழுகுகிறது. தொட்டியைச் சுற்றிய பளபளப்புத் தாளைக் கழற்றுங்கள், அடியில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். மொட்டு மலரவே இல்லையென்றால் இரவில் வாசல் விளக்கு அதன் மேல் விழுகிறதா என்று பாருங்கள். செவ்வந்தி பூக்க நீண்ட இருட்டு வேண்டும். மொறமொறவென்று பழுப்பாகிவிட்ட பூ திரும்பாது. கிள்ளிவிட்டு அடுத்த மொட்டுக்கு வழி விடுங்கள். வாங்கும்போதே பாதிக்கு மேல் மொட்டாக இருப்பதை எடுத்தால் பல வாரம் வரும்.

## வைக்கோல் கட்டு முளைக்கிறது, நாறுகிறது, சூடாகிறது

பச்சை முளை கிளம்பினால் அது சுத்தமான வைக்கோல் ஆகாது. விதையோடு அறுத்த காய்ந்த தீவனப் புல், அல்லது கதிர் சரியாக அடிபடாத வைக்கோல். விதை இருக்கிற இடத்துக்கு சுண்டெலியும் வரும். முளையைப் பிடுங்கலாம், எலி வந்தால் வைக்கோல் கட்டையே மாற்ற வேண்டியதுதான்.

புளித்த வாடை வந்தால் உள்ளே நனைந்திருக்கிறது. கையை நடுவில் நுழைத்துப் பாருங்கள். ஈரமாக மட்டும் இருந்தால் வெளியே பிரித்துப் போட்டுக் காயவிடுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு. வெதுவெதுப்பாக இருந்தால் சுவரை விட்டுத் தள்ளித் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். ஒன்றிரண்டு கட்டு பற்றி எரிவது அரிது. ஈரத்தோடு அடுக்கிய குவியலில் அது நடக்கக்கூடியதே. புகையோ கருகல் வாடையோ வந்தால் பிரிக்காதீர்கள், பிரித்தால் காற்று உள்ளே போய்த் தீ மூளும். தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

வைக்கோல், சோளத் தட்டை, காய்ந்த இலை எதுவும் விளக்கு, ஹீட்டர், மெழுகுவர்த்தி ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். பரங்கிக்காய்க்குள் வைக்க எல்.இ.டி. விளக்கே போதும்.

## பழ ஈ, குளவி, அணில்

ஈயும் குளவியும் வந்தால் எங்கேயோ ஒன்று அழுகத் தொடங்கிவிட்டது; மூக்கை நம்பித் தேடி எடுங்கள். மிச்ச ஈக்களுக்கு, ஒரு கிண்ணத்தில் வினிகரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும். குளவி ஒரே இடுக்கில் போய்ப் போய் வந்தால் அங்கே கூடு இருக்கிறது. அதைக் கலைப்பது பூச்சி ஒழிப்பு ஆட்களின் வேலை, வீட்டில் யாருக்காவது கொட்டினால் ஒவ்வாமை வரும் என்றால் கட்டாயமாக.

அணில் கடித்த காய்க்கு முழு உத்தரவாதமான வைத்தியம் இல்லை. மிளகாய்த்தூள் கலந்த நீர் மழை வரும் வரை தாங்கும். இரவில் உள்ளே எடுத்து வைத்தாலும் பகலில் வந்துவிடும். உயரத்தில் வையுங்கள், அல்லது அணிலுக்கென்று ஒன்றை விட்டுக்கொடுங்கள்.

## தரையில் பழுப்புக் கறை

ஈர இலையும் ஓக் கொட்டையும் விடுகிற டானின் சாயம் அது. கல், சிமென்ட் தரையில் ஆக்சிஜன் ப்ளீச் (குளோரின் இல்லாத வகை) தூளைக் குழைத்துப் பூசி, ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். மரத் தளமானால் ஆக்ஸாலிக் அமிலம் உள்ள தளத் துப்புரவுத் திரவம் எடுபடும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். மரம் மெத்தென்று உள்வாங்கினால் கறை மட்டும் இல்லை, தளமே உளுத்திருக்கிறது. தச்சரைக் கூப்பிடுங்கள்.

## கை அரிக்கிறது, அல்லது நாய் வாந்தி எடுக்கிறது

அரிப்பு, வரிவரியாகக் கொப்புளம். அழகாகச் சிவந்த ஏதோ ஒரு கொடியைப் பறித்து வந்திருப்பீர்கள். மூன்று மூன்று இலையாக வரும் பாய்சன் ஐவி இலையுதிர் காலத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பாகும். அதன் எண்ணெய் காய்ந்த இலையிலும் வீரியத்தோடு இருக்கும். உடனே சோப்பும் நிறையத் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், போட்டிருந்த துணி, கத்தரிக்கோல் உட்பட. கொடியைப் பையில் கட்டி எறியுங்கள். எரிக்கவே கூடாது, புகை நுரையீரலைத் தாக்கும். முகம், கண் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ மருத்துவரிடம் போங்கள்.

செல்லப்பிராணிக்கு வாந்தி, எச்சில் வடிதல், தள்ளாட்டம். ஓக் கொட்டை நாய்க்கு ஆகாது, செவ்வந்தி பூனைக்கும் நாய்க்கும் ஆகாது, சோளக் கதிரின் கட்டையை விழுங்கினால் குடலை அடைக்கும். யூ மரத்தின் கிளையும் விதையும் உயிருக்கே ஆபத்து. வளையத்தில் சேர்க்கவே வேண்டாம். நீங்களாக வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். கடித்த மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

## மரக்கட்டைக்கு அடியில் மாவு கொட்டிக் கிடக்கிறது

அலங்காரத்துக்கு வைத்த கட்டையின் அடியில் தூள் விழுந்திருந்தால், இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

நறநறவென்று மரத்தூளாக இருந்து, பட்டைக்கு அடியிலிருந்து வந்தால் பெரும்பாலும் பட்டைவண்டு. உலர்ந்த வீட்டு மரத்தில் அது குடியேறாது. கட்டையை வெளியே கொண்டுபோங்கள், போதும்.

முகப்பவுடர் மாதிரி வழவழவென்று இருந்து, கட்டையில் குண்டூசி குத்தியது போன்ற ஓட்டைகள் தெரிந்தால் உளுவண்டாக இருக்கலாம். பழைய ஓட்டையா, இப்போதும் வேலை நடக்கிறதா என்று பார்க்க, தூளைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில நாள் அசைக்காமல் விடுங்கள். தாள் சுத்தமாக இருந்தால் அநேகமாக பழைய கதை, ஆனாலும் இன்னும் சில வாரம் தாளை எடுக்காதீர்கள். மாவு விழுந்திருந்தால் சிறிய பொருளைப் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். பெரிய கட்டையை வீட்டை விட்டு அகற்றுங்கள். வேறு ஊருக்கு எடுத்துப்போகாதீர்கள், வண்டும் கூடவே போகும்.

கட்டை இருந்த இடத்துக்குப் பக்கத்து மரத்தரையிலோ நாற்காலிக் காலிலோ அதே ஓட்டை தெரிந்தால் பூச்சி ஒழிப்பு நிபுணரை அழைக்க வேண்டிய நேரம் அது. அவர் வருவதற்கு முன் நீங்களாக எதையும் அடிக்காதீர்கள், தரையையும் பெருக்காதீர்கள். ஒரு சிட்டிகை மாவை உறையில் போட்டு வையுங்கள், கிடைத்தால் செத்த வண்டு ஒன்றையும். எந்த வண்டு என்று தெரிந்தால்தான் எந்தச் சிகிச்சை என்று அவர் சொல்ல முடியும்.